கொடியோடு விற்ற மிளகு

1
இந்தக் கதை என்னுடையது அல்ல. சேந்தமங்கலத்தில் பஸ் ஏறிய ஒரு பெண்ணின் போனிலிருந்து எடுத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதீர்கள். அவள் ஸ்பீக்கரில் பேசினாள், நான் பக்கத்து இருக்கை. காதை எங்கே கழற்றி வைப்பது?

2
'கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் மூச்சு வாங்கியபடி...' (வேண்டாம். மலைக்கதை எழுதுகிற எல்லோருடைய பஸ்ஸும் மூச்சு வாங்குகிறது.)

'மேகலா மிளகுக் கொடிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஆடி மாதத்திலிருந்து உதவித்தொகை வரவில்லை.'

இந்த வரி நிற்கும். நான் எழுதினால் நிற்கும்.

3
வாடல் நோய் வந்த தோட்டத்தில் சில கொடிகள் மட்டும் பிழைத்துக்கொள்கின்றன. ஏன் என்பதுதான் அவள் ஆய்வு. மலைமேல் எடப்புளி நாட்டில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே அப்படிப்பட்ட கொடிகளுக்குச் சிவப்புத் துணி கட்டி, ஒவ்வொன்றின் காய்ப்பையும் தனித்தனியாக நிறுத்து வந்தாள். இந்தத் தை மாதத்து எடை சேர்ந்தால் ஆய்வு முடியும்.

நியாயமாக இங்கே ஒரு வில்லன் வேண்டும். உதவித்தொகை அலுவலகத்தில் ராஜதுரை என்றொரு குமாஸ்தாவை உட்காரவைத்து, எப்போது கேட்டாலும் 'பிராசஸ்ல இருக்குதுங்க' என்று சொல்லவைத்தேன். நாலு வரிக்குள் அவன் ஒப்பந்த ஊழியனாகி, அவனுக்கும் சம்பளம் வராமல் போய்விட்டது. வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

(அடிக்குறிப்பு: தொகை ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. என் கோபமே அதில்தான்.)

4
இனி போனில் அவள் அம்மா சென்னம்மாள் பேசுகிறார். இதில் என் கைவரிசை இல்லை.

"ஒரு வேளதான் திங்கறயாமா, உன்ற ஹாஸ்டல் புள்ள ஜீவா சொல்லிப்போட்டா. இனிப் பட்டினி கெடக்காத சாமி. மெளகக் கொடியோட குடுத்துட்டேன். நேத்தே பறிச்சு மூட்ட கட்டிட்டாங்க."

கொடியோடு கொடுப்பது என்றால், பறிக்கும் முன்பே தோட்டத்து மிளகு மொத்தத்தையும் வியாபாரிக்கு விலைபேசி விடுவது. பிறகு எல்லாக் கொடியின் காயும் ஒரே மூட்டைக்குத்தான் போகும்.

"எந்தக் கொடிம்மா?" என்றாள் மேகலா.

"எல்லாந்தான். நீ துணி கட்டுனதுல நல்ல காப்பு. துணியத் தொவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன். இந்த வருசத்தோட படிப்பு முடிஞ்சுருமில்ல கண்ணு?"

மேகலா, டவர் கிடைக்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்தாள். டவர் நன்றாகவே கிடைத்தது.

(இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. மகள் எடை போடுவதை இத்தனை நாள் பார்த்தவர் இப்படிச் செய்வாரா? செய்வார். பிள்ளை பசியோடு இருக்கிறது என்று கேட்ட பிறகு எந்த அம்மாவுக்கு எடை ஞாபகம் வரும்?)

5
முடிவு அ: நின்றுபோன உதவித்தொகை மொத்தமாக வந்துவிடுகிறது. (வரட்டும். எடை வராதே.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்லிவிடுகிறாள். சென்னம்மாள் இனி மகளுக்கு எதைச் செய்தாலும் பயந்துகொண்டே செய்வார். எனக்கு எழுத மனசு வரவில்லை.

முடிவு இ: சொல்லாமல் இன்னொரு வருடம் படிக்கிறாள். அடுத்த தை வருகிறது. அம்மா அதே பாசத்தோடு மறுபடியும் கொடியோடு...

6
வீட்டுக்குப் போக வாசலூர்பட்டியில் அவள் இறங்கினாள். இறங்கியவள் ஜன்னலோரம் வந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள போனதும் படிப்பு முடிஞ்சுதான்னுதான் அம்மா கேப்பாங்க. நீங்களா இருந்தா என்னங்க சொல்லுவீங்க?"

இவ்வளவு நேரம் வாய்கிழியப் பேசிய நான் இருக்கையை விட்டு எழுந்துகொண்டேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பதிலுக்காக அவள் நின்றுகொண்டிருக்கிறாள். ஜன்னலோரத்துக்கு நீங்கள் வாருங்கள்.