நாலாம் குழியில் ஆறு அடி

நல்லமுத்துக் கிராணியார் எந்த இடத்திற்கும் அரை மணி நேரம் முன்னதாகச் சென்று நிற்பவர். புலாவ் செபாங்கிற்கு நாலு கல் தொலைவிலிருந்த ரப்பர்த் தோட்டமொன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தார். ஞாயிறுதோறும் வெள்ளைப் பூச்சிட்ட சப்பாத்தும், முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறையுமாகக் கோல்ஃப் திடலுக்கு வருவார். சட்டைப் பையில் நான்காக மடித்த விதித்தாள் இருக்கும். ஆட்டம் தொடங்குமுன் அதனை விரித்து, இருபத்திரண்டு விதிகளையும் ஒன்றுவிடாமல் உரக்க வாசிப்பார். அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் வெற்றிலை போடுவார்கள், சுருட்டுப் பற்றவைப்பார்கள், ஒருவராவது காதுகொடுத்துக் கேட்டதாகச் சான்று இல்லை.

திடல் துரைமார் கிளப்புக்குரியது. ஞாயிறு பிற்பகலில் மட்டும், சுற்றுவட்டாரத் தோட்டங்களின் கிராணிமாரும் பிற ஊழியரும் ஆடிக்கொள்ள இசைவு தந்திருந்தார்கள். அவ்வாறு உருவானதே ஆடவர் லீக். பதினாறு பேர், எட்டு ஞாயிறு, கடைசி ஞாயிறன்று கோப்பைக்கான ஆட்டம். ஒன்பது குழிகளிலும் பந்தை விழச்செய்ய எவர் மிகக் குறைந்த அடிகளை எடுத்துக்கொள்கிறாரோ அவருக்கே கோப்பை. நல்லமுத்து லீக்கின் செயலாளர். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இரண்டாமிடத்தில் வந்தவருங்கூட. அடுத்த மாதம் அவரைப் பேராக்கிலுள்ள தோட்டத்திற்கு மாற்றப்போகிறார்கள். ஆதலால் இவ்வாண்டு தவறினால் அந்தக் கோப்பை அவருக்கு என்றுமே இல்லை.

மலாயாவில் அவசரகாலச் சட்டத்தின் ஐந்தாம் ஆண்டு அது. விதித்தாளிற் சில விதிகள் அச்சட்டத்தினாலேயே முளைத்தவை. நாலாம் குழிக்கருகே, தொழிலாளர் குடியிருப்பைச் சுற்றிப் போட்டிருந்த முட்கம்பி வேலிக்கு அப்பால் பந்து போனால் அது தொலைந்த பந்து. எவரும் கம்பிக்கடியில் புகலாகாது. துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் குப்புறப் படுத்தவர், கெட்டுப்போன அடியைத் தண்டமின்றி மீண்டும் அடிக்கலாம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்ச் சேரலாகாதென்பது அரசின் ஆணையாகையால், தின்பண்டம் எதனையும் பையில் வைத்துக் கொண்டுவரலாகாது.

கோப்பை நாளன்று முதற் சங்கடமே இந்த விதியால் வந்தது. வாயிலிற் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள், இரயில்வே கிளார்க் காளிதாஸின் மட்டைப் பையைக் கவிழ்த்தபோது, மட்டைகளோடு எட்டு உளுந்து வடைகளும் விழுந்தன.

"பதினோராம் விதி! போன வாரந்தானே வாசிச்சேன்?" என்றார் நல்லமுத்து.

"நீங்க வாசிச்சீங்க கிராணி ஐயா. நான் கேட்டனா?" என்றார் காளிதாஸ். "இப்ப என்னாலா செய்யறது? தூக்கியெறிஞ்சா பாவம். ஆளுக்குப் பாதி தின்னுட்டு உள்ள போவோம்."

வடைகள் தின்று தீரும்வரை ஆட்டம் தொடங்கவில்லை. மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. ஐந்தரைக்கு லாரி புறப்பட்டாக வேண்டும். நல்லமுத்து மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தார். விதிகளை வழக்கத்தினும் விரைவாக வாசித்தார்.

ஒருவர் அடிக்கும்போது மற்றவர் வாய் திறக்கலாகாது என்பது மூன்றாம் விதி. முதற் குழியிலேயே, "முருகா, நேரா போ! நேரா போ!" என்று பந்துக்குக் கட்டளையிடும் குரல்கள் எழுந்தன. புல்வெளியைப் பெயர்த்தவர் மண்ணைத் திரும்ப வைத்து மிதிக்கவேண்டும் என்பது ஐந்தாம் விதி. பெயர்த்தவர்கள் திரும்பியும் பாராமல் நடந்தார்கள். பின்னால் வந்த நல்லமுத்து ஒவ்வொன்றாகக் குனிந்து வைத்து மிதித்தார். அப்படிக் குனிந்தெழுந்தும் நாற்பத்தெட்டு அடிகளில் ஆட்டத்தை முடித்தார். அதுவரை அவர் எடுத்தவற்றுள் அதுவே சிறந்தது.

இருவர் இருவராக ஆடுவது முறை. ஒருவருடைய அடிகளை மற்றவர் எண்ணிக் கார்டில் எழுதுவார். உரியவர் அதனைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். சீட்டுக் குலுக்கியதில், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வீரப்பனுக்கு ஸ்டோர் கிராணி மணியம் இணையாக வந்திருந்தான். வீரப்பனுடைய மகள் சுசீலாவை மணியத்துக்குப் பேசி முடித்து, தை மாதத்தில் முகூர்த்தமும் குறித்திருந்தார்கள்.

வீரப்பனுடைய கார்டு நாற்பத்தாறு என்றது. நல்லமுத்து ஒரு கணம் அதனையே நோக்கினார். பிறகு கரும்பலகையில் தம் கையாலேயே எழுதினார்: முதலிடம் வீரப்பன், இரண்டாமிடம் நல்லமுத்து. நான்காவது முறை.

கொட்டகையில் தேநீர் வந்தது. வீரப்பன் களிப்போடு எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

"நாலாம் குழியில என் கூத்த யாரும் பாக்கலயே! மொத அடி நேரா லாலாங் புல்லுக்குள்ள. ரெண்டாவது ஓங்கி வீசினேன் பாருங்க, பந்து வெச்ச எடத்துலயே இருக்கு, நான்தான் ஒரு சுத்து சுத்தி உக்காந்துட்டேன்! அதுக்கப்பறம் நாலு அடி அடிச்சு ஒருவழியா உள்ள தள்ளினேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பரிசுக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்த நல்லமுத்து, துணியைக் கீழே வைத்துவிட்டுக் கார்டை எடுத்தார். நாலாம் குழி: ஐந்து.

"மணியம், இங்க வா. டிரஸ்ஸர் நாலாம் குழியில எத்தன அடி?"

மணியம் கழுத்தைச் சொறிந்தான். "அஞ்சுன்னு எழுதியிருக்கேங்க ஐயா."

"அவரே ஆறு சொல்றாரு."

"அது... ரெண்டாவது பந்துல படலீங்களே. காத்துலதான போச்சு?"

"படாட்டியும் அது ஒரு அடி. பதினேழாம் விதி. ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் ஐயா," என்றான் மணியம், குரலைத் தாழ்த்தி. "மாமா கீழ உக்காந்து கெடக்காரு. அந்த நேரத்துல அவர் கண்ணு முன்னால பென்சில எடுத்து எப்படிங்க எழுதறது?"

நல்லமுத்து வீரப்பன் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்துத்தான கையெழுத்துப் போட்டீங்க?"

"நான் பாக்கல கிராணியாரே," என்றார் வீரப்பன், முகம் மாறி. "மாப்பிள்ள எழுதினத நான் எண்ணிப் பாத்தா அவர நம்பாத மாதிரி ஆயிடாதா? அவர் குடுத்தாரு, போட்டேன்."

மாமன் மனம் நோகாதிருக்க ஒருவன் எழுதவில்லை. மருமகன் மனம் நோகாதிருக்க மற்றவர் பார்க்கவில்லை. பொய் சொன்னவர் எவருமில்லை. கார்டு மட்டும் பொய் சொல்லிற்று. இருபத்திரண்டு விதிகளையும் எட்டு ஞாயிறும் தொண்டை வற்ற வாசித்ததை எண்ணிய நல்லமுத்துவுக்கு, தாளைக் கிழித்து வாய்க்காலில் வீசிவிடலாமா என்று தோன்றிற்று. வீசவில்லை; விரித்தார்.

"பத்தொம்பதாம் விதி. கொறச்சுக் காட்டுற கார்டுல கையெழுத்துப் போட்டவரு ஆட்டத்த விட்டு நீங்கணும்."

கொட்டகை கொந்தளித்தது.

"ஒரு அடியச் சேத்தாலும் நாப்பத்தேழுதான?" என்று காளிதாஸ் எழுந்தார். "அப்பவும் அவர்தான ஜெயிச்சாரு? அஞ்ச அழிச்சு ஆறுன்னு எழுதுங்கலா, முடிஞ்சுபோச்சு!"

"கையெழுத்துப் போட்டப்பறம் அழிக்க முடியாது."

"சரி, அடுத்த வாரம் மறுபடி ஆடுவோம்."

"பதினாறு பேர் கூடறதுக்குப் போலீஸ் பெர்மிட் இன்னிக்கோட முடியுது."

"எல்லாம் தீத்துப் பாத்தா கோப்ப யாருக்குப் போவுதுன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்!" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. சிலர் சிரித்தனர்.

நல்லமுத்துவின் காது மடல்கள் சிவந்தன. அந்தக் குரல் சொல்லுமுன்பே அவர் அதனை எண்ணிப் பார்த்துவிட்டார். நாற்பத்தேழு எடுத்தவரை நீக்கி, நாற்பத்தெட்டு எடுத்த தாம் கோப்பையைத் தூக்கிச் செல்வது! பேராக்குக்குப் போன பின்னும் இந்தப் பேச்சு இங்கே நின்றுவிடும்.

"போன வருசம் லாரி ஓட்டுற அங்கமுத்து இதே மாதிரி ஒரு அடி கொறஞ்ச கார்டுல கையெழுத்துப் போட்டான்," என்றார் அவர். "அவனை நீக்கினேன். அன்னிக்கு ஒருத்தராவது எந்திரிச்சுப் பேசினீங்களா?"

ஓரத்தில் நின்ற அங்கமுத்து கைகளை ஆட்டினான். "என்னை ஏன் ஐயா இழுக்கறீங்க? நான் அப்பவே மறந்துட்டேன். சீக்கிரம் முடிங்க, லாரிய எடுக்கணும், அஞ்சே கால் ஆச்சு."

காளிதாஸ் அருகில் வந்து, தோளில் கைபோட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "இங்க பாருங்கண்ணே. டிரஸ்ஸர நீக்குறதுன்னா நீக்கிக்குங்க. ஆனா உங்களுக்கு வேணாம்னு சொல்லிடுங்க. மூணாவது ஆளுக்குக் குடுத்துடலாம். ஊரே உங்கள மெச்சும்."

அது நல்ல வழியாகவே தோன்றிற்று. தம் பெயர் கெடாது, கைதட்டலும் கிடைக்கும். ஆயினும், வேண்டாமென்று தாம் சொன்ன மறுகணமே, செயலாளருக்கே அந்த விதியில் நம்பிக்கையில்லை என்றாகிவிடும். அங்கமுத்துவை நீக்கிய அன்று தாம் எதனையும் விட்டுக்கொடுக்கவில்லை, எவரும் கேட்கவுமில்லை. நாற்பத்தெட்டு அடிகளையும் தாம் நேர்மையாகவே அடித்தார். அவற்றை வெட்கப்பட்டு மறைப்பதற்குக் காரணம் ஏதும் அவருக்குப் புலப்படவில்லை.

வீரப்பன் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். மணியம் அவருக்குப் பின்னால், எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றான்.

நல்லமுத்து கரும்பலகைக்குச் சென்று முதல் வரியை அழித்தார். பிறகு திரும்பி, எல்லாரும் அமைதியாகும்வரை காத்திருந்தார். இம்முறை கேட்டார்கள்.

"டிரஸ்ஸர் பேர எடுத்துட்டேன்," என்றார். "கோப்பை எனக்குத்தான். நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."