உயிரோடு இருப்பவளின் பெயர்

ஒடெல்லா கிராண்டிசனின் முகத்துக்கு விலை இருபத்தெட்டு டாலர். பெரிய அளவு வேண்டுமென்றால் இரண்டு டாலர் கூடுதல். பிப்ரவரி கறுப்பர் வரலாற்று மாதம் என்பதால் கல்லூரிக் கடைக்காரர்கள் அதை வாசலிலேயே அடுக்கியிருந்தார்கள். கறுப்புப் பனியன்களின் நெஞ்சில் இருபத்தொரு வயது ஒடெல்லா, முடியைக் குடைபோல விரித்துக்கொண்டு, விரல் நீட்டி யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள். யாரை என்பது படத்தில் இல்லை. அந்தப் பக்கம் நின்றவர் அன்றைய கல்லூரித் தலைவர். அவரைப் பக்குவமாக வெட்டி எடுத்துவிட்டார்கள்.

எழுபத்தாறு வயது ஒடெல்லா பனியனைத் தூக்கித் தையலைப் பார்த்தாள். கிளீவ்லாந்தில் நாற்பது வருடம் சவுரிமுடிக் கடை நடத்தியவள். சரக்கைத் தொட்டால் அடக்கவிலை விரலுக்குத் தெரிந்துவிடும்.

"நாலு டாலர் பெறாது," என்றாள்.

"துணியா, மூஞ்சியா?" என்று கேட்டாள் தங்கை வெர்னிஸ். இரண்டு மணி நேரம் பனியில் கார் ஓட்டி வந்தவள் அவள்தான். "துணின்னா சொல்லு, ஒத்துக்கறேன்."

தேவாலயத்துக்கு ஒரு பெண் இந்தப் பனியனைப் போட்டு வந்ததைப் பார்த்துத்தான் அக்காவும் தங்கையும் கிளம்பியிருந்தார்கள். என் முகத்தை விற்க யாரிடம் கேட்டீர்கள் என்று கேட்க வேண்டும். அலுவலகத்துக்காரர்கள் எல்லோரும் விழாவில் இருப்பதாகக் கடைப் பையன் கைகாட்டினான்.

வழியில் உணவுக்கூடம். கொண்டாட்டத்துக்காகப் பொரித்த கோழியும் கீரையும் வைத்திருந்தார்கள். வெர்னிஸ் கீரையைக் கிளறிப் பார்த்துக் கரண்டியைப் போட்டாள். "நம்ம வீட்டுல அரை நாள் அடுப்புல கெடக்கற கீரை அக்கா இது. வெந்நியக் காட்டிட்டு எடுத்திருக்கானுங்க."

ஒடெல்லா சிரிக்கவில்லை. அவள் கண் எதிரே தெரிந்த படிக்கட்டில் இருந்தது. 1969 ஏப்ரலில் அவளும் மற்றக் கறுப்பு மாணவர்களும் அந்தப் படிகளில்தான் மறியலுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பு ஆசிரியர் ஒருவராவது வேண்டும், எங்கள் வரலாற்றுக்கு ஒரு பாடமாவது வேண்டும் என்று கேட்டார்கள். ஜூனில் பட்டம் வாங்க வேண்டியவளை மே மாதமே பெட்டியோடு வெளியே நிறுத்தினார்கள். ஆசிரியையாக வேண்டும் என்று வந்தவள் மாமாவின் கடையில் சவுரி பின்னப் போனாள். கடை நன்றாகவே நடந்தது, அதுவல்ல விஷயம். கேட்பவர்களுக்கெல்லாம் 'காலேஜ் போனேன்' என்று மட்டும் சொல்லி, 'முடித்தேன்' என்ற சொல்லுக்கு முன்னால் வாயை மூடிக்கொள்ள ஐம்பது வருடத்துக்கு மேலாகப் பழகியிருந்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் தமேரா என்ற மாணவி, கறுப்பு மாணவர் சங்கத் தலைவி, ஒரு செடித்தொட்டியின் முன் நின்று ஆப்பிரிக்க வழக்கப்படி முன்னோருக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நீர். ஒவ்வொரு நீருக்கும் சபை 'ஆஷே' என்றது, அப்படியே ஆகட்டும் என்று. ஒடெல்லாவின் உதடும் சேர்ந்து அசைந்தது. இதையாவது ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று நினைத்தாள்.

"ஒடெல்லா கிராண்டிசன்," என்றாள் தமேரா. நீர் விழுந்தது.

"ஆஷே," என்றது சபை.

வெர்னிஸ் அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். போனவர்களுக்கு மட்டும் வார்க்கும் நீர் அது. உயிரோடு இருப்பவளின் பெயரை அதில் யாரும் சொல்வதில்லை, பகையாளியின் பெயரைக்கூட.  

அதற்குள் கல்லூரித் துணைத்தலைவர் விட்லாக் கண்ணாடிச் சட்டமிட்ட பட்டத்தோடு ஒலிபெருக்கிக்கு வந்துவிட்டார். வெள்ளைக்காரர், நல்ல குரல். அன்று இழைத்த அநீதியைக் கல்லூரி இன்று சரிசெய்கிறது, மறைந்த கிராண்டிசனுக்குப் பட்டம் வழங்குகிறது என்றார். கைதட்டல் எழுந்தது.

ஒடெல்லாவும் எழுந்தாள். நடுவழியில் நடந்தாள். கைதட்டல் வரிசை வரிசையாக நின்றுபோனது. பனியனில் இருந்த அதே தாடை.

"எனக்குத் தண்ணி ஊத்தினது யாரும்மா?"

தமேரா குவளையோடு மேடை விளிம்புக்கு வந்தாள். "மேடம், ஆபீஸ்ல குடுத்த பேருங்க மேடம். நான் விசாரிச்சிருக்கணும்."

"ஆபீஸ் செத்துட்டான்னு சொன்னா செத்துட்டாளா? ஊத்தினத எப்படி எடுப்ப?"

 தமேரா குவளையைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பில் வருகை எடுப்பதுபோலக் கூப்பிட்டாள். "ஒடெல்லா கிராண்டிசன்."

"இருக்கேன்."

பின்னாலிருந்து வெர்னிஸ், "நல்லாவே இருக்கா," என்றாள். பாதி மண்டபம் சிரித்தது. பாதிக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

விட்லாக் வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தார். கடிதம் போட்டோம், திரும்பி வந்தது, அதனால்தான் மறைந்துவிட்டதாக நினைத்தோம் என்றார். ஒடெல்லா கை நீட்டினாள். அவர் கண்ணாடிச் சட்டத்தைக் கொடுப்பதுபோல நீட்டி, அவள் பிடித்த பிறகும் விடாமல், குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு சின்னச் சிக்கலுங்க. குழு ஒப்புதல் குடுத்தது மறைஞ்சவங்களுக்கு. இருக்கறவங்கன்னா முறை வேற. உங்களுக்கு நாலு பாடம் பாக்கி இருக்கு. வக்கீலயும் கேக்கணும்."

"செத்தா சும்மா. உசுரோட வந்தா நாலு பாடமா?" ஒடெல்லாவின் குரல் தாழவில்லை, ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்தது. "எங்க கடையில இப்படி யாவாரம் பண்ணா கல்ல விட்டு எறிவாங்க தம்பி."

"மேடம், தனியாப் பேசலாமே."

"தனியாப் பேசித்தான் அன்னிக்கு வெளிய அனுப்புனீங்க."

தமேரா அவளருகே வந்து நின்றாள். முன்வரிசையில் இரண்டு மாணவர்கள் எழுந்தார்கள். பிறகு வரிசையே எழுந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. விட்லாக் புன்னகையை வைத்துக்கொண்டே கண்ணாடிச் சட்டத்தை இழுத்துப் பார்த்தார். சவுரி பின்னிய விரல்கள் விடவில்லை. கண்ணாடிக்குள் அவள் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. அதன் கீழே, மறைவுக்குப் பின் என்று சின்ன எழுத்தில்.

அந்த நிமிடத்தில் கணக்கு இப்படி நின்றது. கல்லூரி கொடுத்தவை: ஒரு வெளியேற்றம், ஒரு சாவு, அதற்கு ஒரு குவளை நீர். கொடுக்காதது: ஒரு பட்டம். அதன் ஒரு மூலை அவள் கையில். மறு மூலை அவர் கையில்.