மாவுக்கட்டுக்குள் போன மோதிரம்

நிச்சயம் ஆன நாளிலிருந்து ஆஸ்பத்திரியில் தோரெலிஸுக்கு ஒரு வேலை கூடிப்போனது. மோதிரத்தை ஒளித்து வைக்கும் வேலை.

எலும்பு வார்டில் சட்டம் கண்டிப்பானது. முழங்கைக்குக் கீழே மோதிரம், வளையல், கடிகாரம் எதுவும் கூடாது. மோதிரத்துக்கு அடியில் கிருமி குடித்தனம் நடத்தும், சோப்பு அங்கே எட்டிப் பார்க்காது என்று தலைமை நர்ஸ் கிளெமென்சியா காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சொல்லுவார். அவருக்கு வார்டு வைத்த பெயர் சோப்பம்மா. சோப்பம்மா சொல்வது நியாயம்தான் என்று தோரெலிஸுக்கும் தெரியும். ஆனால் அது ஒற்றை நீலக்கல் வைத்த மோதிரம். மாப்பிள்ளை வில்ஃப்ரானின் அம்மா போட்டிருந்தது. வேலைக்கு நடுவே அந்தக் கல்லை ஒரு பார்வை பார்க்காவிட்டால் அவளுக்குக் கை ஓடாது.

அதனால் மற்ற நேரத்தில் விரலில், சோப்பம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் வேறெங்காவது. சட்டைப் பை, கொண்டை, காலுறை என்று அதற்குப் பல வீடுகள். ஒரு நாள் வேறு வழியில்லாமல் நாக்குக்கு அடியில் போட்டுக்கொண்டாள். அன்று பார்த்து சோப்பம்மா நின்று நிதானமாக ஒவ்வொரு கட்டிலைப் பற்றியும் கேட்டார். எல்லாவற்றுக்கும் 'ம்', 'ம்ஹும்' என்றே பதில் வந்ததும், பல்வலி போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு அவளைப் பல் டாக்டரிடம் அனுப்பி வைத்தார். பிறகொரு நாள் விரலிலேயே பார்த்துவிட்டார். இன்னொரு தடவை கண்ணில் பட்டால் மேலிடத்துக்குப் போகும் என்று மட்டும் சொன்னார். சோப்பம்மா சும்மா சொல்கிறவர் இல்லை.

கார்னிவல் முடிந்த மறுநாள், சாம்பல் புதன். நான்கு நாள் ஆடித் தீர்த்த பாரன்கீயா நகரம் ஒடிந்ததையும் சுளுக்கியதையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. வந்தவர்களில் ஒருத்தி உபால்தினா. சந்தையில் பொரித்த மீன் விற்கிறவள், இரண்டு புருஷன்களை அனுப்பிவைத்தவள், ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. கடைசி ராத்திரி தெருவில் ஆடும்போது கணுக்கால் ஒடிந்துவிட்டது. காலையில் பாதிரியார் வார்டுக்கு வந்து நெற்றியில் பூசிய சாம்பல்கூடக் கலையாமல், வலியிலும் பக்கத்துக் கட்டில்காரனோடு வம்பளந்துகொண்டிருந்தாள்.

மாவுக்கட்டு போட வந்தவர் அன்செல்மோ என்ற இளம் டாக்டர். கூட நின்றவள் தோரெலிஸ். டாக்டர் கை கழுவப் போன நேரத்தில் கதவுப் பக்கம் அந்தச் செருப்புச் சத்தம். தோரெலிஸ் சட்டென்று மோதிரத்தைக் கழற்றித் தட்டிலிருந்த பஞ்சுச் சுருளின் மடிப்புக்குள் செருகினாள். சோப்பம்மா வந்தார், அவளுடைய வெறும் விரல்களைத் திருப்தியோடு பார்த்தார், அடுத்த அறையில் ஒருவனுக்கு ஊசி போடச் சொல்லி அனுப்பினார். அவள் ஓடிப்போய் ஓடிவருவதற்குள் பஞ்சு முழுதும் உபால்தினாவின் காலைச் சுற்றி, அதன்மேல் மாவும் ஏறி, கட்டு சுண்ணாம்புத் தூண் மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றது. பக்கத்தில் நின்ற சோப்பம்மா, அழகான கட்டு என்று டாக்டரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

தோரெலிஸ் தட்டைப் பார்த்தாள்; பஞ்சுச் சுருள் இல்லை. வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் மோதிரம் போகும். அவள் யோசித்து முடிப்பதற்குள் உபால்தினாவை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே விலாசம் விசாரித்துப் போய் நின்றாள். நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நாளைக்கே டாக்டரிடம் ஒப்புக்கொண்டு கட்டைப் பிரித்துவிடலாம், உள்ளே அழுத்தினால் தோல் புண்ணாகிவிடும் என்றாள். உபால்தினா சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது.

"அதானா விஷயம். என்னமோ உறுத்துதே, டாக்டர் கடலை தின்னுகிட்டே கட்டுப் போட்டுட்டாரோன்னு நெனச்சேன்."

ஆனால் பிரிக்க அவள் சம்மதிக்கவில்லை. உறுத்தல் கொசுக்கடி அளவுதான், அது தாங்கும் என்றாள். சந்தைக்குப் போக முடியாமல் வீட்டில் அடைந்து கிடக்கிறவளை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? இப்போது ஒருத்தி வந்துதானே ஆக வேண்டும். அடுத்த வாரம் டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார், அதுவரைக்கும் தினம் வந்து ஊர்க்கதை சொல்லிவிட்டுப் போ என்றாள். அதோடு நிற்கவில்லை.

"மாப்பிள்ளையையும் ஒரு நாள் கூட்டிட்டு வாடி. ரெண்டு பேரை வச்சு மேய்ச்சவ நான். பாத்த உடனே சொல்லிடுவேன், தேறுமா தேறாதான்னு."

தோரெலிஸ் தினமும் போனாள். முதலில் கால்விரல்களைப் பார்ப்பாள், நிறம் மாறியிருக்கிறதா, மரத்துப்போயிருக்கிறதா என்று கிள்ளிப் பார்ப்பாள், அப்புறம்தான் கதை. இதற்கிடையே வில்ஃப்ரான் அவள் விரலைப் பார்த்துவிட்டு எங்கே மோதிரம் என்றான். வார்டில் சட்டம் என்றாள். ஞாயிற்றுக்கிழமையுமா என்றான். பழகிக்கொள்கிறேன் என்று மழுப்பினாள்.

அந்த ஞாயிறே அவனை அழைத்துப்போனாள். தனியாக இருக்கும் நோயாளி, மின்விசிறி ஓடவில்லையாம், நீ பார்த்தால் புண்ணியம் என்றுதான் சொல்லியிருந்தாள். அவன் ஏசி மெக்கானிக். யார் வீட்டிலாவது ஏதாவது ஓடவில்லை என்றால் அவனுக்குத் தூக்கம் வராது. ஏணியில் ஏறி விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தவனைக் கீழிருந்து பார்த்தபடியே உபால்தினா கேட்டாள்:

"ஏம்மா தோரெலிஸ், நிச்சயம் ஆயிடுச்சுங்கறே, கையில ஒண்ணையும் காணோமே?"

"பத்திரமா வச்சிருக்கேன்" என்று பல்லைக் கடித்தாள் தோரெலிஸ்.

"ஆமாமா. பத்திரமான இடம்தான். அங்க எவனும் கை வைக்க முடியாது" என்றாள் உபால்தினா, மாவுக்கட்டை மெல்லத் தட்டிக்கொண்டே.

வில்ஃப்ரானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசிறி சுற்றியது. போன கையோடு சமையலறைக் குழாயின் ஒழுகலையும், சாத்த வராத கதவையும் சரிசெய்துவிட்டு வந்தான். அவன் கை கழுவப் போனபோது உபால்தினா கண்ணைச் சிமிட்டி, தேறும் என்றாள்.

புதன்கிழமை காலை. டாக்டர் அன்செல்மோ உபால்தினாவின் காலை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இது தோரெலிஸின் கணக்கில் இல்லை. கட்டைத் தட்டிப் பார்ப்பார், தான் எப்படியாவது தனியாகப் பேசி, உறுத்தும் இடத்தில் மட்டும் மாவுக்கட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்ட வைத்துவிடலாம் என்று எண்ணியிருந்தாள். சோப்பம்மாவும் அங்கேயே இருந்தார். டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். எலும்பு நேராகப் பொருந்தியிருந்தது. அதற்குச் சற்று மேலே, முத்திரை குத்தினாற்போல், வட்டமாக, கல் வைத்து, வெள்ளையாக ஒரு மோதிரம்.

டாக்டர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். திருப்பினாலும் அது மோதிரமாகவே இருந்தது.

"இது என்னம்மா?" என்று உபால்தினாவைக் கேட்டார்.

"என்னையா கேக்கறீங்க? கட்டுனது நீங்க. ஒரு வாலிபப் பையன், புருஷன் இல்லாத பொம்பளை காலைத் தொட்டு மோதிரத்தை வச்சுக் கட்டுனா நான் என்னன்னு எடுத்துக்கறது? உங்க வீட்டுலேருந்து யாராவது பேச வருவாங்கன்னு ஒரு வாரமா வாசலைப் பாத்துட்டு இருக்கேன்."

டாக்டருக்குக் காது வரை சிவந்தது. அவருக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. சோப்பம்மா டாக்டரையும் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. தோரெலிஸைத்தான் பார்த்தார். இனி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. என்னுடையது என்று எல்லாவற்றையும் சொன்னாள், நாக்குக்கு அடியில் வைத்தது உட்பட.

சோப்பம்மா தானே ரம்பத்தை வாங்கி மாவுக்கட்டில் ஒரு ஜன்னல் வெட்டினார். மோதிரம் இருந்த இடத்தில் தோல் சிவந்து பள்ளம் விழுந்திருந்தது. புண் இல்லை. அந்தச் சிவப்பைத் தோரெலிஸ் பார்க்கும்படி கொஞ்ச நேரம் விலகி நின்றார். அதைவிடப் பெரிய திட்டு வேறு தேவைப்படவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"திட்டாதீங்க" என்றாள் உபால்தினா, அப்போதுதான் விளையாட்டை விட்டு. "உடனே பிரிக்கலாம்னுதான் சொல்லிச்சு. நான்தான் விடலை. தெனம் வந்து ஒவ்வொரு வெரலா பாத்துட்டுப் போச்சு. பெத்த புள்ளைங்க வரலை."

மேலிடத்துக்கு ஒன்றும் போகவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, வார்டு ஊழியர்கள் எல்லோருக்கும் முன்னால் தோரெலிஸ் அந்த எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேலை நேரத்தில் ஏன் மோதிரம் போடக் கூடாது என்று பாடம் எடுக்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் சோப்பம்மா. சிரிப்பை அடக்க அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்ததாக இரண்டு பேர் சத்தியம் செய்கிறார்கள்.

வில்ஃப்ரானிடம் சொல்வதுதான் மிச்சம். உபால்தினா இருவரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். பொரித்த மீன், தேங்காய்ச் சோறு, வறுத்த வாழைக்காய். மோதிரத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு தோரெலிஸ் கதையைச் சொன்னாள். வில்ஃப்ரான் முள்ளைப் பிரித்துப் பிரித்துத் தின்றுகொண்டே கேட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முழு மீனையும் முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அப்போ அன்னைக்கு நான் ஏணியில ஏறி நின்னப்போ, எங்க அம்மா மோதிரம் இவங்க கால்ல."

"ஆமா" என்றாள் தோரெலிஸ், தலையைத் தூக்காமல்.

"நிச்சய மோதிரம் யார்கிட்ட இருக்கோ அவங்கதானே பொண்ணு. ஒரு வாரம் இவங்களுக்குத்தான் நான் மாப்பிள்ளையா இருந்திருக்கேன். யாரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை."

உபால்தினா இன்னொரு மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"வருத்தப்படாதே மாப்பிள்ளே. முன்னால இருந்த ரெண்டு பேரும் சேந்து அந்தக் குழாயைச் சரி பண்ணலை."

வில்ஃப்ரான் சிரித்த பிறகுதான் தோரெலிஸால் தன் மீனைத் தொட முடிந்தது.