உயிரிழப்பு: இல்லை

வெள்ளத்தில் மூழ்கி இறந்த பதினோரு பேரும் மறுநாள் காலை எட்டரை மணிக்குள் அவரவர் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், ஊரிலேயே தாழ்வாகக் கிடக்கும் தெரு அது. மருந்துக்கடைக்காரர் முதலில் வந்தார். சலவைக்காரியும் அவள் தங்கையும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். கடைசியாக வந்த பேருந்து ஓட்டுநரின் உடலை அவர் மனைவி முதல்நாளே பார்த்து அழுது முடித்திருந்தாள். அண்டை வீட்டார் அதைப் பணிமனைச் சுவரோரம் தார்ப்பாய் போட்டு மூடியும் வைத்திருந்தார்கள். அவர் அந்தத் தார்ப்பாயை ஒழுங்காக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். மூச்சில்லை, நாடியில்லை, தலைமுடியிலிருந்தும் சட்டைக் கையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிச் சீருடைகள் தைத்துப் பிழைக்கும் அவர் மனைவி, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு துண்டை நீட்டி, "தலையைத் துவட்டுங்க மொதல்ல" என்றாள். எத்தனை துவட்டியும் சொட்டுவது நிற்கவில்லை.

காரணம் மிகவும் எளிது. நாட்டின் பேரிடர் மேலாண்மைத் துறையில் ஒரு பிரிவு அதிகாரி இருந்தார். எந்தப் புயல் அடித்தாலும் நாலு மணிக்குள் அறிக்கையை அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவதால் அவருக்கு நாலுமணி என்று பெயர். அந்தப் புயல் கரையைக் கடக்க இருந்தது ஆறு மணிக்கு. ஆறு மணிவரை யார் காத்திருப்பது? வழக்கம்போலப் போன வருடத்து நிறைவு அறிக்கையைத் திறந்து, தேதியையும் புயலின் பெயரையும் மட்டும் மாற்றி மேலிடத்துக்கு அனுப்பினார். அதில் பதினாறாவது வரி, 'உயிரிழப்பு: இல்லை'. ஐந்து மணிக்கு அமைச்சர், கூரைக்குக் கீழே மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, அதைத் தொலைக்காட்சியில் படித்தார். ஆறரைக்கு யாரோ யாருக்கோ தொலைபேசியில் சொல்லி அணையைத் திறந்துவிட்டார்கள். எச்சரிக்கை செய்யும் ஒலிபெருக்கி வண்டி மறுநாள் பதினோரு மணிக்கு வந்தது. டீசல் போடுவதற்குக் கையெழுத்து கிடைக்கவில்லையாம். 'பொதுமக்கள் உடனடியாக மேடான பகுதிக்குச் செல்லவும்' என்று முழங்கால் சேற்றில் ஊர்ந்து ஊர்ந்து அது சொல்லிக்கொண்டு போக, இறந்த பதினோரு பேரும் வாசலில் நின்று மரியாதையாகக் கேட்டார்கள். யாரும் சாகவில்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்ட பிறகு சாவு மட்டும் தனியாக என்ன செய்துவிடும்?

ஊர் மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, 'பொதுவான சோர்வு' என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் எழுதினால் கணினி ஏற்கவில்லை. இடுகாட்டுக் காவலாளி நல்ல மனிதர். கேட்டதும் இரக்கப்பட்டு, சான்றிதழ் இல்லாமலே ஓட்டுநருக்கு ஒரு குழி வெட்டினார். இறக்கிய உடனே குழி ஊற்றெடுத்து விளிம்புவரை நிறைந்தது; ஓட்டுநர் மிதந்து மேலே வந்து, பார்த்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மண்ணுக்கும் தாள் வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. போக்குவரத்துக் கழகம் அவருக்கு மூன்று நாள் விடுப்பு மட்டும் அனுமதித்து வேலைக்கு அழைத்தது. ஓய்வு பெறும்வரை நான்கு வருடம் சொட்டச் சொட்ட வண்டி ஓட்டினார். அவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

வேலை அவருக்குப் பாரமில்லை. படுப்பதுதான் முடியவில்லை. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினால், அந்த ஆறரை மணித் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஏறும். மறுபடி முதலிலிருந்து மூழ்க வேண்டும். அதனால் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே வருடங்களைக் கழித்தார். "ஒரு தடவை படுத்துக்கிட்டாப் போதும்டி" என்று எப்போதாவது சொல்வார். அவளுக்கும் அந்த ஆசை ஒன்றுதான் மிச்சமிருந்தது. மாதம் ஒரு திங்கட்கிழமை நாலுமணியின் அலுவலகத்தில் போய் நிற்பாள்.

"ஏம்மா, ஒருத்தரும் சாகலைன்னு மேலிடத்துல சொல்லியாச்சு. இப்போ போய் பதினொண்ணுன்னு எழுதினா, சொன்னது பொய்னு ஆயிடாதா?"

"பொய்தானே சார்?"

"பொய் இல்லம்மா. அறிக்கை."

எழுதும்போதே வாய் கசக்கிறது, ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும்: அந்த 'இல்லை'க்காக நாட்டுக்கு வெளிநாட்டில் விருது கொடுத்தார்கள். எப்படிச் சாதித்தீர்கள் என்று கற்றுக்கொள்ள ஏழு நாட்டுக் குழுக்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் பதினோரு பேரையும் பணிமனை வாசலில் வரிசையாக நிறுத்தி, தோளில் புதுத் துண்டு போர்த்தி, மீட்கப்பட்டவர்கள் என்று காட்டினார்கள். அமைச்சர் ஓட்டுநரின் கையைக் குலுக்கிவிட்டு, தன் கையை உதவியாளரின் சட்டையில் துடைத்துக்கொண்டார். படம் எடுத்து முடிந்ததும் துண்டுகளைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள். ஆண்டுதோறும் நடக்கும் மீட்பு ஒத்திகைக்கும் இவர்களையே கூப்பிட்டார்கள். ஏற்கனவே நனைந்திருப்பதால் வசதி என்றார் நாலுமணி. அவர் அதற்குள் இயக்குநர் ஆகியிருந்தார்.

ஒன்பதாம் வருடம் அடுத்த வெள்ளம் வந்தது. இரண்டாம் முறையும் 'இல்லை' என்றால் நம்பமாட்டார்கள் என்று மேலிடத்தில் கருதியதால், மழை தொடங்குவதற்கு முன்பே பன்னிரண்டு என்று முடிவாகியிருந்தது. பன்னிரண்டு என்றால் அனுதாபம் வரும், பதின்மூன்று என்றால் விசாரணை வரும். செத்தவர்கள் நாற்பதுக்குக் குறையாது. பன்னிரண்டு இடத்துக்காக நாடெங்கிலுமிருந்து சொட்டிக்கொண்டே வந்தவர்கள் அலுவலக மாடிப்படியில் முட்டிமோதினார்கள். புதிதாக இறந்தவர்களைப் பழையவர்கள், "நாங்க ஒம்போது வருஷமா நிக்கிறோம்" என்று பின்னால் தள்ளினார்கள். இப்படியும் ஒரு துறை மனிதர்களை ஆக்கிவைக்குமா என்று காறித் துப்பலாம் போலிருந்தது. நூறு திங்கட்கிழமைகள் நடந்த நடைதான் கடைசியில் பலித்தது. தையல்காரி தன் கணவர் பெயரை இறந்தவர் பட்டியலில் பன்னிரண்டாவதாக ஏற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பாயை உதறிப் போட்டாள்.

சற்று நேரத்தில் எதிர்வீட்டுப் பூட்டு ரிப்பேர்க்காரர் வந்து வாசலில் நின்றார். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவருடைய ஆறு வயது மகள் நின்றாள், அன்று காலையில்தான் மூழ்கியவள். பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு சொட்டுவார்கள். அது குழந்தை, விடாமல் அழுதது. "படுத்தா தண்ணி வருதுப்பா, படுத்தா தண்ணி வருது" என்று மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

ஓட்டுநர் நாற்காலியிலிருந்து மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பார்க்காதீங்க என்னை. என்னால முடியாது. ஒம்போது வருஷம் நடந்திருக்கேன்."

"நான் உட்காரப் பழகிட்டேன்டி. அது சின்னப் புள்ள."

"ஊர்ல உள்ளவங்க எல்லாரும் ஏறின பிறகுதான் நீங்க ஏறுவீங்க. உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான், செத்தும் இப்படித்தான்" என்று கத்தினாள். கத்திக்கொண்டே செருப்பை மாட்டினாள். அலுவலகம் மூட இருபது நிமிடம் இருந்தது. நாலுமணி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பேரை மாத்தினா மாத்தினதுதான், மறுபடி வந்து நிக்கக் கூடாது" என்றார். "மாத்துங்க சார்" என்றாள். மறுநாள் குழந்தையை இடுகாட்டில் இறக்கினார்கள். குழி காய்ந்தபடியே இருந்தது. குழந்தையின் அழுகை இறக்கும்போதே நின்றுவிட்டது. தையல்காரி எட்ட நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, நாலு நாள் கணவரிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் மர நாற்காலியின் மேல் ஒரு மெத்தை தைத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளங்களுக்கும் ஒவ்வோர் எண் முன்கூட்டியே வந்தது. ஒவ்வொரு முறையும் அந்தத் தெருவில் யாருடைய குழந்தையாவது முன்னால் நின்றது. தையல்காரி மறுபடி கேட்கப் போகவில்லை. ஒரு கோடையில், மழையே இல்லாத மாதத்தில், மூன்று நாள் காய்ச்சலில் அவள் இறந்துபோனாள். காய்ச்சல் பேரிடர் துறையில் வராது. அரை மணி நேரத்தில் சான்றிதழ் கிடைத்தது, முத்திரைகூடக் கோணாமல் விழுந்திருந்தது. நகராட்சி எழுத்தர் பதிவேட்டில் ஓட்டுநரின் பெயருக்கு நேராக 'மனைவியை இழந்தவர், உயிருடன் உள்ளார்' என்று எழுதிக் கையெழுத்து கேட்டார். பதிவேடு நனையாமல் கையை எட்ட வைத்துக்கொண்டு அவர் போட்டார். மின் கணக்கு எடுக்க வருகிறவர்களுக்கு இப்போதும் கதவைத் திறந்துவிடுவது அவர்தான். வழுக்கும், பார்த்து வாங்க என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார்.