அரிசிப்புல்லுக்குள் போனவன்

ஓர் அக்டோபர் மாதச் சாயங்காலத்தில் தேஷெங் அரிசிப்புல்லுக்குள் போனான். அதன்பின் வருடக்கணக்கில் அவன் குரல் மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தது. ஷியாபூ விரிகுடாவில் இதைப் பெரிய விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் புல் அதற்கு முன்பே மட்டிப் படுகையையும் படகுப் பாதையையும் விழுங்கியிருந்தது. ஒரு ஆளை விழுங்கியதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. கரை அரிக்காமல் இருக்கட்டும் என்று எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டது அது. பெயரில் அரிசி இருக்கவே, முதல் வருடம் ஊரே பானையைக் கழுவி வைத்துக்கொண்டு கதிர் முற்றக் காத்திருந்தது. கதிர் வந்தது, உள்ளே வெறும் உமி. வெட்டினால் இரண்டாகக் கிளைத்தது, ஆள் உயரத்தையும் தாண்டியது. காணாமல் போன வாத்து ஒன்றைத் தேடித்தான் தேஷெங் உள்ளே நுழைந்தான். வாத்து வந்துவிட்டது.

அவன் மனைவி யேலான் சோறு ஆக்கிவிட்டுக் கரையில் நின்று, "சாப்பிட வாங்க!" என்று கூப்பிட்டாள். புல்லுக்குள்ளிருந்து, "இதோ, வந்துட்டேன்!" என்றான். வரவில்லை. மறுநாளும் கூப்பிட்டாள், மறுநாளும் வந்துவிட்டதாகவே சொன்னான். தேடிப் போனவர்கள் சேற்றைத்தான் மிதித்துவிட்டு வந்தார்கள். தேஷெங்கின் சித்தப்பா மகன் ஆகுய், பக்கத்து மிதவை வீட்டுக்காரன், எதையும் கேலி செய்யாமல் விடமாட்டான்.

"அண்ணி, அண்ணன் வீட்ல இருந்தப்பவும் இதத்தானே சொன்னாரு? உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்காமலே வந்துட்டேன் வந்துட்டேன்னு."

"வாய மூடுடா, பல்ல ஒடச்சிருவேன்."

"சரி, நீங்களாச்சும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. எம் பொண்டாட்டி மீன் உருண்ட போட்டிருக்கா."

"வேணாம். நான் அங்க வந்த நேரம் பாத்து அவரு வந்துட்டா?"

இப்படியே அவள் யார் வீட்டுக்கும் போகாதவள் ஆனாள். இரண்டு கிண்ணம் வைப்பாள், ஒன்றைக் கழுவுவாள், இன்னொன்றை வாத்துக்குக் கொட்டுவாள்.

நவம்பரில் வடக்கிலிருந்து லாரியில் வரும் கடலட்டைகளைக் கடலில் மிதக்கும் கூண்டில் இறக்கி, கடற்பாசி போட்டுக் கொழுக்க வைத்து, வசந்தத்தில் விற்பதுதான் அங்கே பிழைப்பு. ஒரு புயல் வருடத்தில் பாசி கிடைக்கவில்லை. அட்டைகள் வற்றிச் சுண்டுவிரலாயின. வேறு வழியில்லாமல் யேலான், பீப்பாயில் ஊறிப் புளித்துக் கிடந்த அரிசிப்புல்லைச் சேற்றோடு பிசைந்து போட்டாள். மறுநாள் தீனி துளியும் மிச்சமில்லாமல் கூண்டு துடைத்து வைத்தது போல இருந்தது. அன்றிலிருந்து அவள் அரிவாள் ஓயவில்லை. சும்மா வெட்டினால் திரும்ப முளைத்த புல், அட்டைக்கென்று வெட்டியபோது முளைக்கவில்லை. குரல் வந்த திசையைப் பார்த்தே வெட்டினாள். தீனி அட்டைக்கு, வழி தேஷெங்குக்கு. புல் குறையக் குறையக் குரலும் மெலிந்தது. நடந்து நடந்து களைத்துவிட்டான் போலிருக்கிறது என்று இன்னும் வேகமாக வெட்டினாள்.

கடைசியில் பாய் அகலத்துக்குப் புல் மிஞ்சியிருந்த வசந்தத்தில், அட்டை வாங்க வந்த வியாபாரி ஒரு கதை சொன்னான்.

"ஒங்க அட்டைக்கு வடக்க ஒரே கிராக்கிம்மா. தியான்ஜின்ல ஒருத்தன், பொண்டாட்டி கூப்பிட்டு ஒரு நாளும் சாப்பிட வந்ததில்லையாம். இதச் சாப்பிட்ட மறுநாளே, வந்துட்டேன்னு சொல்லிக்கிட்டே வந்து உக்காந்துட்டான். கொரல்கூட வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சாம்!"

வாளியைப் பிடித்திருந்த யேலானின் கை நின்றது. புல்லோடு சேர்த்து அவனையும் வெட்டி, ஊறவைத்து, பிசைந்து, வருடா வருடம் லாரி ஏற்றியிருக்கிறாள். தன் வீட்டுக்கு வர வேண்டியவன் முகம் தெரியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் நேரந்தவறாமல் போய்க்கொண்டிருக்கிறான். அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பொறாமை.

அதன்பின் அந்தப் புல்லை அவள் தொடவில்லை. சாயங்காலமானால் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து கூப்பிடுவாள். கொசு ரீங்கரிப்பது போல உள்ளேயிருந்து பதில் வரும். அதுவே போதும் என்றிருந்தாள். அடுத்த குளிர்காலத்தில் ஆகுய் கேலி எதுவும் இல்லாமல் வந்து நின்றான்.

"அண்ணி, அடுத்த வாரம் அரசாங்க மிஷின் வருது. மிச்சமிருக்கிற புல்லையெல்லாம் வேரோட பொரட்டிப் பொதச்சிருவாங்களாம்."

யேலான் அதைத் தானே வெட்டினாள். ஒரே ஒரு கூண்டு அட்டைக்குப் போட்டாள். வசந்தத்தில் வியாபாரி எவ்வளவு கேட்டும் அந்தக் கூண்டைக் கொடுக்கவில்லை. எண்ணெய் காணாத சட்டியில் வேகவைத்துத் தினமும் தின்றாள். அத்தனை வருடம் வளர்த்தவள் அப்போதுதான் முதல்முறையாகத் தின்றாள், ருசி ஒன்றுமில்லை. கூண்டு காலியான சாயங்காலம், மொட்டையாகக் கிடந்த சேற்றைப் பார்த்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். கூப்பிட இனி யாருமில்லை.

மிதவையிலிருந்து ஆகுய் வழக்கம்போலக் கத்தினான்: "அண்ணி, சாப்பிட வாங்க!"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "இதோ, வந்துட்டேன்!" என்று கனத்த ஆண் குரல் வந்தது. சொன்ன கையோடு கால்கள் எழுந்து நடந்தன. ஆகுய்யின் மனைவி இரண்டு கிண்ணம் வைத்தாள். யேலான் இரண்டிலும் சாப்பிட்டாள். அவளுக்கு அழுகையாக வந்தது. அவனுக்கு நல்ல பசி.