கம்பளி அடைத்த ஓபோ

ஓபோ என்ற மரக்குழலின் மேல் சுரங்கள் விரல் துளைகள் வழியாகவே வெளியேறிவிடும். கீழ் சுரங்கள்தான் குழல் முழுவதையும் கடந்து கடைசியில் அடியில் விரிந்த வாய் வழியாக வருகின்றன. அந்த வாயில் ஈரக் கம்பளியைத் திணித்தால் மேல் சுரங்களுக்கு அதிகம் ஒன்றும் ஆகாது, கீழ் சுரங்கள் மூச்சுத் திணறும். எங்கள் அரண்மனை இசைத்தலைவர் வைட்லிங் ஐயாவின் ஆசை அந்தக் கம்பளியில்தான் போய் மாட்டிக்கொண்டது.

ஐயாவுக்கு வலது காது முழுவதும் போயிருந்தது. இடது காதில் கீழ் சுரங்கள் மட்டும் மிச்சம். வாத்தியக்காரர்கள் எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்; உதட்டசைவைப் பார்த்தே பேச்சைச் சமாளித்ததால் அரண்மனைக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும். வீட்டில் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் கிளாவியரின் விளிம்பைப் பற்களால் கவ்விக்கொண்டு வாசிப்பார். மரத்தின் அதிர்வு எலும்பு வழியாக உள்ளே போகும். ஓபோவை அப்படிக் கவ்வ முடியாதே.

அந்த வருடப் பெரிய வெள்ளிக்காக இயேசுவின் பாடுகளை இசையமைத்தார். அதில் தடித்த குரல்காரன் க்னோலுக்கும் என் ஓபோவுக்கும் ஒரு பாட்டு. முழுவதும் கீழ் சுரங்களிலேயே நடந்தது.

"என்னய்யா இது, ஏறவே விட மாட்டீங்களா?" என்றேன்.

"மேல போனா எனக்குக் கேக்காது, ரூப்ரெக்ட். எழுதினத ஒரு தடவையாவது காதால கேக்கணும்யா. அடுத்த வருஷம் இந்தக் காதும் இருக்கோ இல்லையோ."

ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே, குருத்தோலை ஞாயிறன்று, எங்கள் இளவரசர் மான்கறிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். சமஸ்தானத்தில் ஒரு வருடத்துக்கு இசை கிடையாது. ஆர்கனுக்குப் பூட்டு. கல்யாணத்துக்கும் பிடில் கிடையாது, வீட்டுக்குள் ஊதினாலும் குற்றம். இளவரசரின் அடக்க ஆராதனைக்கு மட்டும் இசை உண்டு.

ஐயா அந்த ஒரு இடைவெளியைப் பிடித்துக்கொண்டார். ஒரு பாட்டுக்குப் புது வார்த்தை போடுவது எங்கள் தொழிலில் தினசரி வேலை: அசை எண்ணிக்கையும் அழுத்தமும் பொருந்த வேண்டும், துக்கம் துக்கமாகவே இருக்க வேண்டும். 'உறங்கும் என் ஆண்டவரே' என்ற பாட்டு, 'உறங்கும் என் மன்னவரே' ஆயிற்று. சுரம் ஒன்றுகூட மாறவில்லை.

"சிலுவையில இருந்தவர இறக்கிட்டு மான் வேட்டைக்காரர ஏத்திட்டீங்களேய்யா!" என்றான் க்னோல்.

"நீ வாய மூடிக்கிட்டுப் பாடுடா," என்றார் ஐயா.

"வாய மூடிட்டு எப்படிய்யா பாடுறது?"

அது காதில் விழாமலே அவர் சிரித்தார்.

அப்புறம் அரண்மனை நிர்வாகி ஃபோன் ஸெபால்ட் வந்தார். "துக்க வழக்கப்படி எல்லா வாத்தியத்தையும் அமுக்கணும். இளவரசி அம்மாவோட உத்தரவு." அதாவது முரசுக்குக் கறுப்புத் துணி, பிடிலின் தந்திகளைத் தாங்கும் குதிரையில் சின்ன மரக் கவ்வி, ஓபோவுக்குக் கம்பளி. எக்காளத்தின் வாயில் துளையிட்ட மரக்கட்டை. அதைச் செருகினால் சுருதி ஒரு சுரம் ஏறிவிடும், மற்றவர்களோடு சேர வேண்டுமென்றால் எக்காளத்துக்குத் தனியாகக் கீழே இறக்கி எழுத வேண்டும். காது போன மனிதர் ஒரு பிசகும் இல்லாமல் அதை எழுதிக் கொடுத்தார்.

"ஒரு ஓபோ மட்டும் திறந்திருக்கட்டுமே," என்று ஐயா நிர்வாகியிடம் கெஞ்சினார்.

"எதுக்கு?"

காரணத்தைச் சொன்னால் காது போனது வெளியே வந்துவிடும். தலைகுனிந்து திரும்பினார்.

அடக்கத்தன்று என்னைத் தன் இடது தோளுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். கோவில் முழுக்க போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இசை. எங்கள் பாட்டுக்கு முந்திய வரி முடிவதற்குள் நான் விரலை விட்டுக் கம்பளியை இழுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அந்த அமுங்கிய சத்தத்துக்கு நடுவே என் ஓபோ நிர்வாணமாக எழுந்தது. நிர்வாகியின் தலை திரும்பியது. இளவரசி முக்காட்டைத் தூக்கிப் பார்த்தாள். க்னோல் கண்ணை உருட்டினான். நான் ஐயாவின் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் எதுவும் அசையவில்லை. அவர் பார்வை தாளில் இருந்தது, கை தாளம் போட்டது. ஆக அடிச் சுரத்தில் வேண்டுமென்றே நின்றேன், எழுதியதற்கு மேல் இழுத்தேன். க்னோல் எனக்காக நின்றான். ஐயாவின் கை நிற்காமல் அடுத்த தட்டுக்குப் போயிற்று. நான் அவசரமாக ஓடிப் பிடித்தேன்.

முடிந்ததும் பின்னறையில் ஐயா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஒரு பொட்டு கேக்கல, ரூப்ரெக்ட். அந்தாளுக்குப் பயந்து கம்பளிய அப்படியே வச்சிட்டியா?"

கதவருகே நிர்வாகி எனக்காகக் காத்திருந்தார். ஈரக் கம்பளி என் பையை நனைத்துக்கொண்டிருந்தது.

"ஆமாய்யா," என்று ஐயாவுக்குப் புரியும்படி தலையை ஆட்டினேன். "பயந்துட்டேன்."

"போகட்டும், போகட்டும்." என் தோளைத் தட்டினார். "துக்கம் முடியட்டும். அடுத்த வருஷம் கம்பளி இல்லாம ஊதிடலாம்."