நம்பர் கடைசியில் வரும்

வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. இந்தப் பிழைப்பில் எனக்கு அறவே ஆகாத விஷயம் ஒன்று உண்டு: பக்கத்தின் தலையில் ஊர்ந்துகொண்டே போகும் அந்த ஓடும் எழுத்து. மளிகைக் கடைக்காரர் முதல் கல்லூரி முதல்வர் வரை எல்லோருக்கும் அதன் மேல் தீராத மோகம். "தம்பி, மேல ஒரு லைன் ஓடணும்" என்பார்கள். எதற்காக ஓட வேண்டும், யார் துரத்துகிறார்கள் என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். நானும் பேசிப் பார்ப்பேன், மசியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். இந்தக் கொள்கைப் பிடிப்பால்தான் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறேன்.

அன்று காலை அக்கா போனில் அழுதாள். என் அக்கா அழுகிற ரகம் இல்லை, அழ வைக்கிற ரகம். எனவே எனக்குக் கை கால் ஓடவில்லை.

"இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லிட்டாருடா."

அக்கா ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன் மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பவள். ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துக்கு மாறியதிலிருந்து புது நம்பர், புது வெப்சைட். கூடவே போன் வருவது பாதியாகக் குறைந்துவிட்டது. டாக்டர் யோசித்துக் காரணம் கண்டுபிடித்துவிட்டார்: அக்காவின் வாய். போனை எடுத்தாலே சண்டை போடுகிறாளாம், அதனால் ஜனங்கள் பயந்து ஓடுகிறார்களாம்.

"சண்டை போட்டியா?" என்றேன்.

"போட்டேன். அவங்க முதல்ல கத்தறாங்கடா. எடுத்த எடுப்புலயே கத்தறாங்க. ஏன்னே தெரியலை."

அத்தானுக்குக் கிடைத்தால் வேலை, கிடைக்காவிட்டால் தூக்கம். வீடு நடப்பது அக்கா சம்பளத்தில். இந்த வயதில் அவளை இன்னொரு முன் மேசையில் யாரும் உட்கார வைக்கப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும் என்பதால்தான் அந்த அழுகை.

ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். டாக்டரின் மச்சான் செய்து கொடுத்ததாம். மச்சான்கள் செய்யும் வெப்சைட்டைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். மேலே, நான் பயந்தபடியே, சிவப்பில் ஓடிக்கொண்டிருந்தது. "வருக, வருக" என்று ஆரம்பித்து, புன்னகையின் மகிமையைச் சொல்லி, வேர் சிகிச்சைக்கு வந்து, டாக்டர் வாங்கிய பட்டங்களுக்குள் நுழைந்தது. நான் டீ போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். பட்டங்கள் இன்னும் முடியவில்லை.

கடைசியில் வந்தது போன் நம்பர். பேனாவை எடுத்து முதல் பாதியை எழுதுவதற்குள் மறு பாதி இடது பக்கமாகப் போய் மறைந்துவிட்டது. திரும்பவும் "வருக, வருக." பக்கத்தை மேலும் கீழும் தேடினேன். நம்பர் வேறு எங்கும் இல்லை. "தொடர்புக்கு" என்று போட்டிருந்த இடத்தில் டாக்டர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒருவருக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அது வேலை செய்யும் வரை டாக்டர் வெளியே வந்து முன் மேசையோரம் நின்றிருந்தார். காத்திருந்தவர்கள் மூன்று பேர். அக்காவின் தம்பி, வெப்சைட் செய்பவன் என்று சொல்லிக்கொண்டு, நம்பரைப் பிடிக்க முடியாத விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் பெருமையாகச் சிரித்தார்.

"நம்பரைக் கடைசியில வெக்கச் சொன்னதே நான்தான் தம்பி. சும்மா எடுத்தவுடனே நம்பரைக் கொடுத்துட்டா, நம்ம பட்டத்தை எல்லாம் எவன் படிப்பான்? நம்பர் வேணும்னா முழுசாப் படிச்சுத்தானே ஆகணும்?"

நான் என் வாழ்க்கையில் எத்தனையோ முட்டாள்தனங்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு திட்டமிட்ட ஒன்றைக் கேட்டதில்லை.

"டாக்டர், உங்க புது நம்பர் உங்களுக்கு மனப்பாடமா?"

"எனக்கெதுக்கு? நான் இங்கயேதானே இருக்கேன்."

"அப்ப உங்க போன்ல வெப்சைட்டைத் திறந்து, நம்பரைப் பார்த்து, இந்த மேசைக்கு ஒரு போன் பண்ணுங்க பார்ப்போம்."

இதென்ன பெரிய வித்தை என்ற முகத்தோடு ஆரம்பித்தார். எழுத்து ஊர்ந்தது. அவருடைய பட்டங்களே அவர் பொறுமையைச் சோதித்தன. நம்பர் வந்தபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், அதற்குள் அது போய்விட்டது. இரண்டாவது சுற்றில் நம்பரைத் தொட்டுப் பிடிக்கப் பார்த்தார். விரல் பட்ட இடத்தில் வேறு ஏதோ படம் திறந்துகொண்டது. "சனியனே, நில்லேன்" என்று போனைப் பார்த்துச் சொன்னார். காத்திருந்தவர்களில் வாயில் பஞ்சு வைத்திருந்த ஒருவர் சிரிக்க முடியாமல் சிரித்தார்.

அப்போது மேசைப் போன் மணி அடித்தது. அக்கா ரிசீவரை எடுக்கவில்லை. ஸ்பீக்கர் பட்டனை அழுத்தி, போனை டாக்டர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே பேசுங்க."

"வணக்கம், சொல்லுங்க" என்றார் டாக்டர், தேன் ஒழுக.

"அப்பாடா, கெடச்சுதா! ஏன்யா, அறிவிருக்கா உங்களுக்கு? நம்பர் கேட்டா ஒருத்தனோட வாழ்க்கை வரலாறை ஓட விடறீங்க? வலியில உயிர் போகுது இங்க. எவன் அந்த டாக்டரு?"

"நான்தாங்க டாக்டர். கொஞ்சம் மரியாதையா..."

"நீயேதானா? பட்டம் வாங்கினா சுவத்துல மாட்டுய்யா! என் மூஞ்சியில எதுக்கு ஓட்டறே?"

டாக்டரின் காது சிவந்தது. அடுத்த நொடியில் ஆஸ்பத்திரியே கேட்கும்படி கத்தினார்: "இஷ்டம் இருந்தா வா! இல்லைன்னா பல்லைப் பிடிச்சிக்கிட்டு வீட்டுலயே கெட!"

இணைப்பைத் துண்டித்துவிட்டு நிமிர்ந்தபோது எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் இதுல பாதி கூடப் பேசினதில்லை டாக்டர்" என்றாள் அக்கா. "நீங்க உள்ள இருந்து என் பேச்சை மட்டும் கேட்டீங்க. அந்தப் பக்கம் என்ன பேசறாங்கன்னு ஒரு நாளாவது வந்து கேட்டீங்களா?"

இத்தனை நாள் இந்தத் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, அதற்குக் காரணமும் தெரியாமல் அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பி மெதுவாக, "அதைத் தூக்கிடுங்க தம்பி" என்றார். மச்சானுக்குப் போன் போட்டு அவரே பாஸ்வேர்டு கேட்டு வாங்கிக் கொடுத்தார். அவர் உள்ளே போய் ஊசி போட்டவரின் பல்லைக் கவனித்துவிட்டு வருவதற்குள் நான் அங்கேயே உட்கார்ந்து வேலையை முடித்தேன். நம்பர் மேலே, பெரிதாக, அசையாமல் நின்றது. தொட்டால் போன் போகும். பட்டங்களை அவர் படத்துக்குக் கீழே வைத்தேன், அங்கே அவை யாரையும் தொந்தரவு செய்யாது.

"நீங்க வேலையில இருங்கம்மா" என்றார் டாக்டர். அக்கா நிமிர்ந்தே பார்க்காமல் நோயாளிகளின் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் என் காதருகே குனிந்தார்.

"ரொம்பக் கோவமா இருக்காங்களோ?"

"இருக்காதா பின்ன?"

"வேணும்னா 'வருந்துகிறோம்'னு மேல ஒரு லைன் ஓட விட்டுடலாமா?"

சத்தியமாக இதை அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. அக்காவின் கை நின்றது.

"டாக்டர், நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு, நோயாளிகள் வந்து நிற்கும் இடத்தில் போய் நின்றார். காத்திருந்த மூவரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

"தப்பு என்னுதும்மா. விசாரிக்காம உங்களைச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரிசீவரை எடுத்து, சற்றுமுன் பேசியவரின் எண்ணைத் தேடி அழுத்தி, அதை டாக்டரிடம் நீட்டினாள்.

"இதையே இவருகிட்டயும் சொல்லிட்டு, உடனே கிளம்பி வரச் சொல்லுங்க. பாவம், வலியில துடிக்கிறாரு."